குதிரைக்கு நாடி பார்க்கிறார்கள்... உங்களுக்கு?

"டாக்டர், பதினஞ்சு நாள்ல இது ஆறிடணும். இருபத்திரண்டாவது நாள் எனக்குப் போட்டி இருக்கு!"

ஈக்காட்டுத்தாங்கலில் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்துவிடலாம். தொழிற்பேட்டைப் பட்டறைகளில் நின்று நின்று உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஒரு ரகம். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து கெடுத்துக்கொண்டவர்கள் இன்னொரு ரகம். கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த அந்த அம்மணியை இரண்டாவது ரகம் என்றுதான் நினைத்தேன். வயது முப்பத்தைந்து. இடுப்பு வலி என்றார். சரி, நாற்காலி வலி என்று எழுதப் போனேன்.

அதற்குள், தொடையின் உட்பக்கம் தோல் உரிந்து எரிகிறது என்றார். முட்டியின் உட்பக்கமும் கன்றிப் போயிருப்பதாக, பார்த்துவிட்டு வந்த என் உதவியாளர் அம்மா சொன்னார். நாற்காலி இப்படிச் செய்யாதே!

"ஸ்கூட்டர்ல ரொம்ப தூரம் போறீங்களாம்மா?"

"ஸ்கூட்டர் இல்ல டாக்டர். குதிரை."

முப்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிறேன். மாட்டு வண்டியிலிருந்து விழுந்தவர் வந்திருக்கிறார். மாடே முட்டியவரும் வந்திருக்கிறார். குதிரை ஓட்டி இடுப்பு வலிக்கிறது என்று வந்த முதல் ஆள் இவர்தான். பேர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு, அவர் சம்மதத்தின் பேரில்தான் இதை எழுதுகிறேன்.

குதிரை என்றால் எங்கள் பேட்டைக்காரர்களுக்குக் கிண்டி ரேஸ்தான் ஞாபகம் வரும். அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகிற சமாச்சாரம். இவர் சொன்னது வேறு. 'எண்டியூரன்ஸ்' என்று பேர். நெடுந்தூரச் சவாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர், 80, 120, கடைசியாக 160. மைதானத்தைச் சுற்றுவதில்லை, காடு, மேடு, வயல் வரப்பு, மண் ரோடு என்று நாள் பூராவும் போக வேண்டும்.

'இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு' என்று நினைக்காதீர்கள். கேரளத்தில் மலப்புரத்துக் குடும்பத்தைச் சேர்ந்த நிதா அஞ்சும் சேலாட் என்ற பெண், துபாயில் வளர்ந்தவர். 2023-ல் பிரான்ஸ் நாட்டில் காஸ்டெல்சக்ரா என்ற ஊரில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், எப்சிலான் சலோ என்ற குதிரையின் மேல் 120 கிலோமீட்டரை 7 மணி 29 நிமிஷத்தில் முடித்தார். அடுத்த வருஷம், 2024 செப்டம்பரில், அதே பிரான்ஸில் மோன்பாசியே என்ற இடத்தில் பெரியவர்களுக்கான உலகப் போட்டி. பெட்ரா டெல் ரே என்ற குதிரையோடு 160 கிலோமீட்டர், 10 மணி 23 நிமிஷம். இந்த இரண்டு போட்டிகளையும் முடித்த முதல் இந்தியர் அவர்தான்.

160 கிலோமீட்டர் என்றால் சென்னையிலிருந்து ஏறத்தாழ விழுப்புரம். பஸ்ஸில் போய் இறங்கினாலே நமக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது!

நம் அம்மணி அவ்வளவு தூரம் ஆசைப்படவில்லை. அவருடைய கனவு 40 கிலோமீட்டர். ஈக்காட்டுத்தாங்கலில் கிளம்பினால் சிங்கப்பெருமாள் கோயிலைத் தொடுகிற தூரம்.

நாடி இறங்கினால்தான் வழி!

அவர் சொன்னதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது தூரம் இல்லை, போட்டியின் விதி. முழுத் தூரத்தையும் ஒரே மூச்சில் ஓட விடமாட்டார்கள். இருபது, முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் கால்நடை மருத்துவர் நிற்பார். உலகப் போட்டி விதிப்படி, சில நிமிஷ அவகாசத்துக்குள் குதிரையின் இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 64-க்குள் இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் அத்தோடு சரி, போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். இடைநிறுத்தங்களில் நாடி இறங்குகிற வரை கடிகாரம் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். தலைதெறிக்க ஓட்டி வந்தவர் நாடி இறங்கக் காத்துக் கிடப்பார். நிதானமாக வந்தவர் அவரைத் தாண்டிப் போய்விடுவார்!

கடைசிக் கோட்டைத் தாண்டிய பிறகும் பரிசோதனை உண்டு. அதில் தேறாவிட்டால் முதலில் வந்தவருக்கும் பரிசு இல்லை. அமெரிக்காவில் 1955-ல் தொடங்கிய டெவிஸ் கோப்பை என்று ஒரு போட்டி. 100 மைல் தூரத்தை 24 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும். அங்கே முதலில் வந்தவருக்கு ஒரு கோப்பை. முதல் பத்துக்குள் வந்த குதிரைகளில் எது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறதோ, அதற்கு ஹாகின் கோப்பை என்று தனியாக இன்னொன்று.

நான் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். ஆள்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் கபம். ஒன்று, அரை, கால் என்ற அளவில் அவை நடக்க வேண்டும் என்பது பாலபாடம். அங்கே ஒரு வாத்தியார் எங்களை மாதக்கணக்கில் நாடியை எண்ணவே விடமாட்டார். "எண்றதுக்கு கடிகாரம் போதும்டா, முதல்ல தொட்டுப் பழகு" என்பார். நாடியை வைத்து ஒரு விளையாட்டே நடக்கிறது என்று கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. 'ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வரலாமா?' என்று கேட்டுவிட்டேன்.

துணைக்கு ஒரு பெரியவரைக் கூட்டிப்போனேன். நாற்பது வருஷம் ரேஸ் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். மூட்டு வலிக்கு என்னிடம் வருகிறவர். ஈ.சி.ஆர். பக்கம் அந்தப் பயிற்சி லாயத்துக்குள் நுழைந்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்த லேகியமும் கொடுத்திருக்காது.

அம்மணியின் குதிரை கத்தியவார் ஜாதி. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து நுனியில் முட்டிக்கொண்டு நிற்கும். பெரியவர் என் கையைப் பிடித்து அதன் தாடைக்கு அடியில் வைத்தார். "தாடை எலும்புக்கு உள்பக்கமா ஒரு கயிறு மாதிரி உருளும் பாருங்க டாக்டரய்யா. அழுத்தாதீங்க. சும்மா வைங்க."

உருண்டது. மெதுவாக, பெரிதாக, அவசரமே இல்லாமல். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 36. நம் துடிப்பில் பாதி! எனக்குச் சிலிர்த்துவிட்டது. (வாத, பித்த, கபம் சொல்லப் போகவில்லை. அந்த ஜீவனுக்கு அதன் டாக்டர் இருக்கிறார்.)

அங்கே இருந்த பயிற்சியாளர் மற்ற சோதனைகளையும் காட்டினார். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். பேதியான குழந்தைக்கு வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்ப்போமே, அதேதான்! வயிற்றில் காது வைத்தால் குடல் சத்தம் கேட்க வேண்டும். கடைசியில், கயிற்றைப் பிடித்து நேர்கோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். ஒரு காலைக் கொஞ்சம் தாங்கி வைத்தாலும் முடிந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வெயிலில் உழைக்கிற குதிரைக்கு மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் வியர்க்கும். நம் வியர்வையை விட அதில் உப்பு அதிகம். உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் குதிரைக்குத் தாகமே எடுக்காமல் போகிற ஆபத்து உண்டு. அதனால் வழி நெடுகத் தண்ணீர் குடிக்கப் பழக்குகிறார்கள். 'சூடான குதிரை மேல் தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துக்கொள்ளும்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நம்ம பெரியவரும் அந்தக் கட்சிதான். அது தப்பு என்று 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளிலேயே தெளிவாகிவிட்டது. இப்போது நெடுந்தூரப் போட்டிகளில் குடம் குடமாகக் கழுத்தில் ஊற்றுகிறார்கள். பெரியவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை!

நம் நாட்டு வெயில் குதிரைக்கு லேசான விஷயம் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே அரசர்கள் ஏராளமாகக் குதிரைகளை இறக்குமதி செய்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். சோற்றையும் மாமிசத்தையும் சேர்த்து வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்களாம். கேட்கவே வயிறு கலங்குகிறது.

சவாரி ஒரு மணி, சேவகம் ஒரு மணி

அம்மணியின் ஒரு நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். வாரத்தில் மூன்று நாள் காலை மூன்றே முக்காலுக்கு எழுந்திருக்கிறார். இட்லிப் பானையை அடுப்பில் வைத்து, ஆறு வயசுப் பையனின் டிபன் பாக்ஸைக் கட்டிவிட்டு, மாமியாரை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகிறார். ஐந்து மணிக்கு லாயத்தில். முதலில் குதிரையைத் தேய்த்து, குளம்பில் சிக்கிய கல்லைக் கம்பியால் எடுத்து, சேணம் கட்ட வேண்டும். வெயில் ஏறுவதற்குள், ஏழு மணிக்குச் சவாரி முடிந்தாக வேண்டும். பிறகு குளிப்பாட்டி, ஆற வைத்து, தண்ணீர் காட்டி... "சவாரி ஒரு மணி, சேவகம் ஒரு மணி டாக்டர்" என்று சிரிக்கிறார். ஒன்பதரைக்கு ஆபீஸ். நடுவில் ஒரு வாய் தண்ணீர் இறங்கியிருக்காது!

ஏன் என்று கேட்டேன். லாயத்தில் பெண்களுக்குச் சரியான கழிவறை இல்லை. அதனால் முந்தின ராத்திரி எட்டு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுவாராம். பள்ளிக்கூட டீச்சர்கள், போலீஸ்காரப் பெண்கள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள் என்று எத்தனை பேர் இதே கதையை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்! நீர்க்கடுப்பு வந்து, அது சிறுநீரகம் வரை ஏறி, காய்ச்சலோடு வருவார்கள். குதிரைக்குத் தண்ணீர் காட்டாமல் விட்டால் திட்டு விழும். அதன் மேல் உட்கார்ந்திருக்கிறவர் குடித்தாரா என்று கேட்க ஆள் இல்லை.

குதிரை மேல் உட்கார்ந்தால் அதுதானே நடக்கிறது, நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். குதிரை துள்ளுநடை போடும்போது, ஒவ்வொரு துள்ளலுக்கும் சேணத்திலிருந்து எழுந்து உட்கார வேண்டும். நிமிஷத்துக்கு எழுபது, எண்பது தடவை. ஒரு மணி நேரத்துக்கு நாலாயிரம் தோப்புக்கரணத்துக்கு மேல் ஆகிறது, பிள்ளையார் கூட போதும் என்பார்! உள்தொடைத் தசை, இடுப்பு, அடிவயிறு, கெண்டைக்கால் எல்லாம் வேலை செய்கின்றன. அது பழகாத உடம்பில் இடுப்பு மட்டும் எல்லா அடியையும் வாங்கிக்கொள்ளும்.

இதில் மனிதனுக்கும் குதிரைக்கும் விதி ஒன்றுதான். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கில் ஆகும். ஆறாவது வாரத்தில் 'எனக்கு மூச்சே வாங்கலையே' என்று வேகத்தைக் கூட்டுகிறவர்தான் பத்தாவது வாரத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வருவார். நடைப்பயிற்சி தொடங்கி மாரத்தான் வரை போகிற வாசகர்களுக்கும் இது பொருந்தும். குதிரையை முதல் இரண்டு மூன்று மாதம் பெரும்பாலும் நடையும் மெதுவான ஓட்டமுமாகத்தான் பழக்குகிறார்கள். தூரத்தை முதலில் கூட்டுகிறார்கள், வேகம் அப்புறம். இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டுவது கிடையாது.

உரிந்த தொடைக்கு நான் கொடுத்தது குங்கிலிய வெண்ணெய். கழுவி, ஈரம் போகத் துடைத்து, மெலிதாகத் தடவச் சொன்னேன். தோல் மூடுகிற வரை சேணத்தில் ஏறக் கூடாது. உள்பக்கம் தையல் இல்லாத, ஒட்டிய காற்சட்டை போட வேண்டும். தொளதொள சல்வார் போட்டால் மறுபடி உரியும். இடுப்புக்கு உளுந்துத் தைலம் இளஞ்சூட்டில் தடவி, நொச்சி இலையை வதக்கி ஒத்தடம். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ தைலத்தை நம்பி உட்காரக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். கடைசியாக ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று கேட்டேன். பிரசவத்தின்போதாம். பத்து வருஷத்துக்கு ஒரு தரம் போட வேண்டும், காயம் பட்டால் முன்பே கூட போட வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். தலைக்கவசம் இல்லாமல் ஏறுகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை!

"அவன் இப்படி வந்து நின்னா?"

இதெல்லாம் பின்னால் நடந்தவை. முதல் நாள், வழக்கம்போல இடது கையை வாங்கி நாடி பார்த்தேன். பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாடி 108! மெலிந்து, ஓடிக்கொண்டிருந்தது. கீழ் இமையை விலக்கினேன். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் மாதிரி வெளுப்பு.

"மெட்ரோ படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"வாங்கும். வயசாகுதுல்ல?"

"வெறும் அரிசி திங்கத் தோணுதா?"

அவர் முகம் மாறியது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" ஆபீஸ் பையில் ஒரு சின்ன டப்பாவில் அரிசி வைத்திருக்கிறாராம். இரும்புச்சத்து குறைந்தவர்களில் பலருக்கு இந்த ஆசை வரும். மாதவிலக்கு ஒன்பது நாள் போகிறது, ஒரு வருஷமாக இப்படித்தான் என்பது அப்புறம் மெதுவாக வந்தது. இடுப்பு வலிக்குத் தினம் ஒரு வலி மாத்திரை வேறு.

ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மறுநாள் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12-ஆவது இருக்க வேண்டும்.

"போட்டி வேண்டாம்மா. முதல்ல பெண்கள் டாக்டரைப் பாருங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாத உழைப்பு. கட்டிய பணம். "அவன் நல்லா ஃபிட்டா இருக்கான் டாக்டர். ஓடப்போறது அவன்தானே? ஏதாவது லேகியம் குடுங்க, முடிச்சிட்டு வந்து ட்ரீட்மென்ட் எடுத்துக்கறேன்."

"சரிம்மா. உங்க குதிரை இந்த மாதிரி நாடியோட, இந்த மாதிரி ஈறோட போட்டியில வந்து நின்னா, அங்க இருக்கற டாக்டர் என்ன பண்ணுவார்?"

பதில் இல்லை.

"அதுக்கு வாய் இல்லை, அதனால டாக்டர் கேக்கறார். உங்களுக்கு வாய் இருக்கு. அதனாலதான் யாரும் கேக்கல. நடு வழியில மயக்கம் வந்து நீங்க விழுந்தா, மிரண்டு ஓடப்போறதும் அவன்தானே?"

எழுந்து போய்விட்டார். லேகியம் கேட்டு வந்தவருக்கு நான் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். மூன்று வாரம் தகவலே இல்லை. போட்டி நாளன்று காலையில் எனக்கு மனசு சரியில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை. குதிரை டாக்டருக்கு இருக்கிறது, மனித டாக்டருக்குக் கிடையாது!

நாலாவது வாரம் ஸ்கேன் படத்தோடு வந்தார். போட்டிக்குப் போகவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, சாதாரணக் கட்டிதான். மகப்பேறு மருத்துவர் சிகிச்சை தொடங்கியிருந்தார். அங்கே இரும்பு மாத்திரை கொடுத்திருந்ததால் நான் அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கவில்லை. அதுவும் இரும்புதான். இரண்டு பக்கமும் இரும்பை வாங்கிச் சாப்பிடுவது வைத்தியம் ஆகாது. இரண்டு இடத்தில் மருத்துவம் பார்க்கிறவர்கள், இரண்டு டாக்டரிடமும் மருந்துச் சீட்டைக் காட்டிவிடுங்கள். முருங்கைக் கீரை, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ, சாப்பிட்டவுடன் காபி, டீ கூடாது, லாயத்துக்குப் போகும்போது உப்பு போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் - இவ்வளவுதான் என் பங்கு. கழிவறை விஷயத்தை லாயக்காரரிடம் பேசி அவரே ஒரு வழி பண்ணிக்கொண்டார். நான்கு பெண்கள் சேர்ந்து போய்க் கேட்டார்களாம்.

ஐந்து மாதத்தில் ஹீமோகுளோபின் 12.1. உட்கார்ந்திருக்கும்போது நாடி 76. அரிசி டப்பா காணாமல் போயிருந்தது. அதன் பிறகுதான் மறுபடி நீண்ட சவாரிக்குப் போனார், அதுவும் பாதித் தூரத்திலிருந்து.

சென்ற மார்கழியில் வெளியூரில் ஒரு 40 கிலோமீட்டர் போட்டி. மத்தியானம் பதினொன்றரைக்குப் போன் வந்தது.

"டாக்டர், நான் பாஸ். அவன் ஃபெயில்!"

முதல் இருபது கிலோமீட்டர் முடித்து வந்திருக்கிறார்கள். குதிரையின் நாடி சொன்ன நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டது. ஈறு, தோல், குடல் எல்லாம் சரி. ஓட்டிக் காட்டும்போது முன்னங்கால் வலது பக்கம் லேசாகத் தாங்கி வைத்திருக்கிறான். அவர் கண்ணுக்கே தெரியவில்லையாம். டாக்டர் இரண்டாம் தரம் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார்.

அழுகிறாரோ என்று காதை வைத்துக் கேட்டேன். இல்லை.

"அவனுக்கு உளுந்துத் தைலம் போடலாமா டாக்டர்?"

"அவன் டாக்டரைக் கேளுங்கம்மா. நீங்க தண்ணி குடிச்சீங்களா?"

"ரெண்டு பாட்டில்!"

மூன்று வாரம் ஓய்வு, அதன் பிறகு கையில் பிடித்து நடத்தல் மட்டும் என்று கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். இப்போதும் அம்மணி வாரத்தில் மூன்று நாள் காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து போகிறார். ஏறுவதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சவுக்குத் தோப்பு வரை இரண்டு பேரும் நடந்துவிட்டு வருகிறார்களாம்.